உங்கள் நிலத்தின் விலையை யார் எழுதுகிறார்கள்?

பரந்தூர் விமான நிலையம், நான்குவழிச் சாலைகள், சிப்காட் விரிவாக்கம் என நிலம் எடுப்பு பற்றிய செய்தி வராத வாரமில்லை. பேச்சு கடைசியில் 'ஏக்கருக்கு எவ்வளவு?' என்பதில்தான் வந்து நிற்கிறது. அந்தத் தொகை எப்படிப் பிறக்கிறது என்பதை நோட்டீஸ் வருவதற்கு முன்பே நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நிலத்தை மதிப்பிட முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, அக்கம்பக்கத்தில் விற்ற விலையோடு ஒப்பிடுவது. மற்றொன்று, நிலம் தரும் நிகர வருமானத்தை இத்தனை ஆண்டு என்று பெருக்குவது. 1984இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு 10 மடங்கு பொருத்தம் என்றது. ஏக்கருக்கு 70 மரம் உள்ள தென்னந்தோப்பில், செலவு போக ஆண்டுக்கு 60,000 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கில் ஏக்கர் 6 லட்சம்தான். அதே தோப்பு ஊருக்குள் 30 லட்சத்துக்குக் கைமாறினால், வாங்கியவருக்கு விளைச்சல் தருவது 2 சதவீதம். அவர் தேங்காய்க்காக வாங்கவில்லை, நாளை வரப்போகும் மனைக்காக வாங்குகிறார். கடன் வாங்கி அந்த விலைக்கு நிலம் வாங்கி விவசாயம் செய்ய நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

நிலம் எடுப்பில் பெரும்பாலும் ஒப்பீட்டு முறையே பேசும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, அரசின் வழிகாட்டி மதிப்பு, அருகில் உள்ள அதே வகை நிலங்களின் சராசரி விற்பனை விலை ஆகியவற்றில் எது அதிகமோ அதை எடுக்கச் சொல்கிறது. சராசரிக்கு, முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் அதிக விலை காட்டிய பாதியை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். கிராமப்புறமாக இருந்தால் அந்த மதிப்பை 1 முதல் 2 வரையிலான காரணியால் பெருக்கி, அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் சேர்ப்பார்கள்.

விவசாயி தோற்கும் இடமும் இதுதான். 20 லட்சத்துக்கு வாங்கிய நிலத்தை 5 லட்சம் என்று எழுதுவது நம் ஊர் வழக்கம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதத்துக்குப் பயந்து செய்வது. பத்திரத்தில் 1 லட்சத்தை மறைத்தால் வாங்குபவருக்கு மிச்சம் 9,000 ரூபாய். ஊரில் எல்லோரும் அப்படியே எழுதிவிட்டால் சராசரியும் கீழேதான் இருக்கும். அப்போது ஏக்கருக்கு மறைத்த ஒவ்வொரு லட்சத்துக்கும், நிலம் போகிறவர் இழப்பது குறைந்தது 2 லட்சம். மிச்சம் பிடித்தது ஒருவர், இழப்பது பக்கத்துக் காட்டுக்காரர். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது பலரும் மகிழ்ந்தார்கள். அதற்கு இப்படி ஒரு மறுபக்கமும் உண்டு.

மண்ணைப் படித்தவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு மனக்குறை. மண்ணின் ஆழம் 1 அடியா 4 அடியா, கிணற்று நீர் நல்லதா உப்பா என்பதற்கெல்லாம் வழிகாட்டிப் பட்டியலில் இடமே இல்லை. ஆழ்துளைக் கிணறு, சொட்டுநீர், பத்து வருடத் தொழு உரம் எல்லாம் போட்டுத் தோட்டமாக்கிய நிலம், 'ஏ' பதிவேட்டில் இன்னமும் புஞ்சையாகவே கிடக்கும். விலையும் புஞ்சை விலைதான்.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. நிலம் எடுப்பைத் தொடங்கும் முன் சந்தை மதிப்பைத் திருத்திப் புதுப்பிக்க வேண்டியது ஆட்சியரின் கடமை என்று அதே 26ஆவது பிரிவு சொல்கிறது. ஊராகச் சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டிய நேரம் அது. மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றுக்கு 29ஆவது பிரிவின்படி தனி மதிப்பு உண்டு. மரங்களை மதிப்பிட வேளாண், தோட்டக்கலை, வனத் துறை அனுபவம் உள்ளவர்களின் உதவியைப் பெறலாம். ஆனால் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேராகத் 'தரிசு' என்று இருந்தால், எந்த நிபுணர் வந்தாலும் வாதாடுவது கடினம். இந்தப் பருவத்து அடங்கலில் என்ன பயிர், எத்தனை மரம் எழுதியிருக்கிறார்கள் என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.