லாரி பாடி கட்டற ஊருக்கு ஒரு சுவர் கட்டத் தெரியாதா?

நாமக்கல் மலைக்கோட்டையைப் பார்த்து "இந்தப் பாறையில ஏறிப் பழகலாமே"ன்னு கிளம்பற மக்களுக்கு: தயவுசெஞ்சு வேண்டாம். ரெண்டு பக்கமும் நரசிம்மர், ரங்கநாதர் குடைவரைகள் இருக்கற, தொல்லியல் துறை காக்கற மலை அது. அங்க போல்ட் அடிக்கறது பயிற்சி இல்ல, அராஜகம்.

"அப்ப பெங்களூருக்கா போறது?"ன்னு அடுத்த புலம்பல். ஏன் சாமி, லாரி பாடி கட்டி இந்தியா முழுக்கப் பேர் வாங்கின ஊர்ல ஒரு இரும்புச் சட்டம் வெல்டு வைக்க ஆளில்லையா? 18 மி.மீ. பிளைவுட், பின்னாடி டீ-நட், 30-40 டிகிரி சாய்வு, கீழ தடிமனா மெத்தை. (மெத்தையில மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சட்டத்தை ஓட்டு வீட்டுக் கூரையில மாட்டவும் வேண்டாம், தனியா நிக்கட்டும்.) பிடிக்கு இறக்குமதிச் சாமான் எதுக்கு? கட்டையை இழைச்சு ஓரத்தை உருட்டினா போதும், தோலும் கிழியாது. 1988ல ஜெர்மனியில வொல்ஃப்காங் குல்லிச் விரலைத் தேத்தினது வெறும் மரச்சட்டத்துலதான். 1991ல அவர் ஏறின 'ஆக்‌ஷன் டைரக்ட்' அன்னிக்கு உலகத்துலயே கஷ்டமான பாதை.

காலேஜ்ல கேட்டா "இதெல்லாம் ஒரு விளையாட்டா"ங்கறாங்க. 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்லயே பதக்கம் குடுத்தாச்சு சார் :)