சூரியனுக்கு சுவிட்ச் இல்லை

கொள்ளேகாலம் என்றதும் தமிழர்களுக்குப் பட்டும் மாந்திரீகமும்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பக்தர்கள் ஹனூரைத் தாண்டித்தான் போகவேண்டும். 1956 நவம்பர் வரை இந்தப் பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997இலிருந்து சாமராஜநகர் மாவட்டம். எல்லை மாறினாலும் கடைத்தெருவில் கன்னடத்தோடு தமிழும் புழங்குகிறது. மின்பணியாளர்கள் இரண்டு மொழியிலும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்: மெக்கர்.

இங்கிலாந்தில் சிட்னி எவர்ஷெட் 1889இல் உருவாக்கிய மின்காப்புச் சோதனைக் கருவியின் வழிவந்தது இது. 1903இல் வணிகப் பெயராகப் பதிவான 'மெக்கர்', எந்த நிறுவனம் செய்தாலும் அந்த வகைக் கருவிக்கெல்லாம் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. கம்பியின் உறை வழியாக மின்சாரம் கசிகிறதா என்று உயர் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது அதன் வேலை. கைப்பிடியைச் சுற்றினால் 500 வோல்ட் வரும். முள் மெகா ஓமில் நிற்கும். வீட்டு வயரிங்குக்கும் பம்பு மோட்டாருக்கும் தலைமுறை தலைமுறையாக அது போதுமானதாக இருந்தது.

இப்போது வேலை கூரைக்கு மேலே போயிருக்கிறது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. அதற்கு முன்பே, 2019இல், விவசாய பம்புகளுக்கான குசும் திட்டம் வந்துவிட்டது. சிற்றூர்களில் நேற்று வரை மோட்டார் காயில் கட்டியவர்கள் இன்று சோலார் பேனல் மாட்டுகிறார்கள். அவர்களுடைய பையில் இருப்பது பழைய மெக்கர்தான். பலரிடம் அதுவும் இல்லை, மல்டிமீட்டர் மட்டும்தான்.

மல்டிமீட்டர் இந்த வேலைக்கு உதவாது. ஓம் அளக்கும்போது அது கொடுப்பது சில வோல்ட்தான். அந்த அழுத்தத்தில் கிழிந்த உறைகூட யோக்கியமாக நடந்துகொள்ளும். சரி, மெக்கர் இருக்கிறதே என்றால், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மின்சாரம் நிறுத்தப்பட்ட கம்பிக்காகப் பிறந்த கருவி அது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மெக்கர் போடு என்பது தொழிலின் பாலபாடம். பேனலில் பிடுங்குவதற்கு ஃபியூஸ் இருக்கலாம், ஆனால் பகல் வெளிச்சம் படும்வரை பேனல் மின்சாரத்தை உற்பத்தி செய்துகொண்டேதான் இருக்கும்.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு பேனல்கள், ஒவ்வொன்றும் சுமார் 50 வோல்ட். வரிசையாகச் சேர்த்தால் 300 வோல்ட். நேர்முனைக் கம்பி தகரக் கூரையில் உரசி, காப்புத் தடை 0.8 மெகா ஓமாக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தேவையானது 1 மெகா ஓம். ஆகவே இது பழுது. பணியாளர் வழக்கம்போலக் கருவியின் எதிர்முனையைப் பேனல் வரிசையின் எதிர்முனையிலும், நேர்முனையை எர்த்திலும் வைத்து 500 வோல்ட் கொடுக்கிறார். அதில் 300 வோல்ட்டைப் பேனல்களே கழித்துவிடுகின்றன. பழுதான இடத்துக்குப் போய்ச் சேர்வது 200 வோல்ட். கசிவது கால் மில்லி ஆம்பியர். கருவிக்கு இந்தக் கழித்தல் தெரியாது. 500ஐக் கால் மில்லி ஆம்பியரால் வகுத்து, 2 மெகா ஓம் என்று காட்டுகிறது. பழுதுக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிட்டது. அதே கருவியை வரிசையின் நேர்முனையில் வைத்திருந்தால் 0.8 என்று சரியாகக் காட்டியிருக்கும். எனவேதான் சோலார் சோதனைக்கான ஐஇசி 62446 தரவிதி இரண்டு முனைகளிலும் தனித்தனியே அளக்கச் சொல்கிறது.

அந்த விதி சொல்லும் இன்னொரு முறை, இரண்டு முனைகளையும் குறுக்கிணைத்து, அந்த இணைப்புக்கும் எர்த்துக்கும் இடையே அளப்பது. அளவு துல்லியமாக வரும். ஆனால் வெறுங்கையால், கம்பித் துண்டால் செய்கிற காரியமல்ல. நேர்மின்சாரத்தில் பற்றிய தீப்பொறி, மாறுமின்சாரத்தில்போல விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு அணைவதில்லை, இழுத்தால் நீளும். அதற்கென்று மதிப்பிடப்பட்ட சுவிட்ச் வேண்டும்.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, எத்தனை கிகா ஓம் என்பதும் அல்ல. மின்னழுத்தம் உள்ள பேனலில் வைத்தால் இது என்ன செய்யும்? சாதாரண டிஜிட்டல் கருவிகள் பலவும் 30 வோல்ட்டுக்கு மேல் உணர்ந்தால் எச்சரித்துவிட்டுச் சோதனையைத் தொடங்கவே மறுக்கும். ஃப்ளூக் 1587 அப்படிப்பட்டது. அது பாதுகாப்பான மறுப்பு, ஆனால் வேலை நடக்காது. கையால் சுற்றும் கருவி மறுக்காது, தவறாகச் சொல்லும். மேலும் சரிவான கூரையில் அதற்கு இரண்டு கைகளும் வேண்டும். மூன்றாவது வகை, பேனலின் மின்னழுத்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சோலார் கருவி. ஜப்பானின் ஹியோக்கி ஐஆர்4053 அதற்கெனத் தனி அளவீட்டு முறை கொண்டது. நான்கு விநாடிகளில் விடை தருகிறது. விலை சாதாரண மெக்கரைப்போலப் பல மடங்கு. மாதத்துக்கு இரண்டு கூரை ஏறுகிறவர் தனியாக வாங்குவது கடினம்தான். மூன்று நான்கு பேர் கூட்டாக வாங்கலாம்.

சோதனை அழுத்தம் எவ்வளவு என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. பேனல் வரிசையின் திறந்தசுற்று மின்னழுத்தத்தை 1.25ஆல் பெருக்கவேண்டும். விடை 120 வோல்ட்டுக்குள் என்றால் 250 வோல்ட் சோதனை, குறைந்தபட்சம் 0.5 மெகா ஓம். ஒற்றைப் பேனலில் விளக்கெரியும் வீடுகள் இதில் அடங்கும். 120 முதல் 500 வரை 500 வோல்ட். அதற்கு மேல் 1,000 வரை 1,000 வோல்ட். இரண்டிலும் 1 மெகா ஓம் வேண்டும். 3 கிலோவாட் வீட்டுக்கு 500 வோல்ட், பெரிய பம்புகளையும் சேர்த்தால் 1,000 வோல்ட் உள்ள கருவி போதும். பாவகடா போன்ற சோலார் பூங்காவில் வேலை கிடைத்தால் 1,500 வோல்ட்டைப் பற்றி யோசிக்கலாம். 5,000 வோல்ட் கருவியைப் பெருமையாக எடுத்துக் காட்டும் விற்பனையாளர் டிரான்ஸ்ஃபார்மர்காரர்களுக்கு விற்கட்டும். கூரைக்கு அது ஆபத்து. கருவியிலும் முனைக் கம்பிகளிலும் 'கேட் 3, 1,000 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதே உருப்படியான காரியம்.

எந்தக் கருவியானாலும், அளப்பதற்கு முன் இன்வெர்ட்டரையும் மின்னல் தடுப்பானையும் கழற்றிவிட வேண்டும். தடுப்பானின் வேலையே அதிக மின்னழுத்தத்தை எர்த்துக்கு விடுவதுதான். மாட்டியபடி சோதித்தால் நல்ல கம்பியும் கெட்டதாகத் தெரியும்.

நேரமும் முக்கியம். அக்டோபர் மழை விட்ட காலையில் இன்வெர்ட்டர் 'ஐசோலேஷன் ஃபால்ட்' என்று காட்டி நின்றுவிடும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். ஈரம் கசிவைக் காட்டிக்கொடுத்தது, வெயில் மூடி மறைத்தது. பணியாளரோ மதியம் வந்து அளந்து, எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போகிறார். 600 வோல்ட் அமைப்பில் இன்வெர்ட்டருக்கு விதி கேட்கும் குறைந்தபட்ச எல்லை 20 கிலோ ஓம்தான், அதாவது 1 மெகா ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த எல்லையில் அது கூச்சல் போடுகிறதென்றால் நிலைமை எப்போதோ கெட்டுவிட்டது.

கூச்சலை அடக்கக் குறுக்குவழியும் உண்டு. சட்டங்களின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் இன்வெர்ட்டர் பல சமயம் சமாதானமாகிவிடும். கசிவு அப்போதும் அங்கேயே இருக்கும், போக வழியில்லாமல் சட்டத்தில் நிற்கும். மாட்டுக் கொட்டகைக் கூரையில் பேனல் கழுவ ஏணியோடு ஏறுகிற ஆள் அந்தச் சட்டத்தைத்தான் பிடிப்பார். ஈரமான பேனலைக் காலை ஏழு மணிக்கே அளக்கச் சொல்லி, எண்ணோடு நேரத்தையும் வானிலையையும் எழுதி வாங்குவது வீட்டுக்காரரின் உரிமை.

கருவி வாங்கும்போதே, ஒரு வாட் ரகத்தில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். கூரை ஏறும் முன் 500 வோல்ட்டில் அதை அளந்து பார்த்தால், கருவி அன்றைக்கு உண்மை பேசுகிறதா என்று தெரிந்துவிடும்.