முதலில் சாய்வைப் பாருங்கள்

சென்ற மாதம் என் மேசைக்கு வந்த ஸ்ட்ராட்டில் ஆறு சேடில்களும் தகட்டோடு ஒட்டிக் கிடந்தன. உயரத் திருகுகள் மேலே துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் குத்தின. அப்படியும் கம்பி உயரம் குறையவில்லை. முன்பு பார்த்தவர் ட்ரஸ் ராடை இறுக்கி இறுக்கி, நட்டின் அறுகோணத்தையே வழுக்க விட்டிருந்தார்.

ட்ரஸ் ராடின் வேலை நெக்கின் வளைவைச் சரிசெய்வது. நெக் பாடியோடு சேரும் கோணத்தை அதனால் இம்மியும் மாற்ற முடியாது. அளவுக்கு மீறி இறுக்கினால் முதல் சில ஃப்ரெட்டுகளில் கம்பி உரசும், அவ்வளவுதான்.

கோணத்தின் அருமையை கிப்சன் நிறுவனமே பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1952-ல் வந்த முதல் லெஸ் பாலில் நெக் சாய்வு மிகக் குறைவு. கம்பிகளை ட்ரபீஸ் டெயில்பீஸின் தண்டுக்கு மேலே கொண்டுபோக இடமில்லாமல் அடியில் கோக்க வேண்டியதாயிற்று. உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கி வாசிக்க வழியே இல்லை. 1953-ல் சாய்வைக் கூட்டி பிரிட்ஜையும் மாற்றினார்கள்; கிட்டார் கைக்கு அடங்கியது. ஃபெண்டரின் பிரிட்ஜ் தாழ்வானது. அதனால் அங்கே நெக் பாடிக்கு இணையாகவே கிடக்கும். தேவைப்பட்டால் ஷிம் வைக்கலாம்.

என் மேசைக்கு வந்ததற்கும் அதுதான் மருந்து. பாக்கெட்டின் உள்முனையில் அரை மி.மீ. ஷிம். பாக்கெட் நீளம் சுமார் 76 மி.மீ., அதன் வெளிவிளிம்பிலிருந்து சேடில் வரை சுமார் 255 மி.மீ. ஆகவே சேடில் இருக்கும் இடத்தில் நெக்கின் நேர்கோடு ஏறத்தாழ 1.7 மி.மீ. உயரும். முட்டி நின்ற சேடில்களுக்கு அத்தனை இடம் கிடைத்தது. அரை மணி நேர வேலை.

ஒட்டிய நெக்கில் இந்த வசதி கிடையாது. லெஸ் பாலில் ஒரு டிகிரி பிசகினால் பிரிட்ஜ் அருகே 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். நெக்கைப் பிரித்து மறுபடி ஒட்டுவது பழகிய கைகளின் வேலை. பழகாதவர்கள் தொட வேண்டாம்.

சோதனை எளிது. கம்பிகளைக் கழற்றுங்கள், நெக்கை நேராக்குங்கள், ஃப்ரெட்டுகள்மேல் நீண்ட ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜை முழுக்க இறக்கிவிட்டுப் பாருங்கள்: அதன் உச்சியைத் தொட்டும் தொடாமலும் கடந்தால் கோணம் சரி. முட்டி நின்றால் சாய்வு போதாது. வெகு உயரத்தில் போனால் அதிகம்.

உங்கள் வேலைச் சீட்டில் ஆக்‌ஷன் அளவுக்கு மேலே நெக் கோணத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அதை நிரப்பாமல் ஆலன் கீயை எடுக்காதீர்கள்.