எந்தக் கதவைத் தட்டுவாள்?

நம் சங்கத்தில் பட்டிமன்றத் தலைப்புக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. பெண் விடுதலை என்றால் இரண்டு அணியும் முழங்கும், நடுவர் தீர்ப்புரைப்பார், கைதட்டிவிட்டுக் கலைவோம். நல்ல பேச்சு வேண்டாமென்று சொல்பவள் அல்லள் நான். ஆனால், தோழர்களே, அந்த மேடையிலிருந்து இறங்கி வருகிற ஒருவரை நிறுத்தி, "கணவன் கையால் அடிபட்ட தமிழ்ப்பெண் ஒருத்தி இந்த மும்பை மாநகரில் இன்றிரவு எந்தக் கதவைத் தட்டுவது?" என்று கேட்டுப் பாருங்கள். விடுதலைக்கு விளக்கம் சொன்னவர் விழிப்பார்.

இது ஏதோ சிலர் வீட்டுச் சங்கதி அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் கணவனால் உடல்வழியோ பாலியல்வழியோ கொடுமைக்கு ஆளானவர் இந்தியா முழுவதிலும் 100-க்கு 29 பேர். தமிழ்நாட்டிலே? 38 பேர்! நாகரிகம் பேசும் நாம் இந்த வரிசையிலும் முன்னேதான் நிற்கிறோம். இதைவிட என்னை உறுத்தியது வேறோர் எண். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர் 100-க்கு 14 பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் போனது சொந்தக் குடும்பத்தாரிடம். காவல் நிலையத்துக்கோ வழக்கறிஞரிடமோ போனவர் மிகச் சிலர். தாராவியில் குடித்தனம் செய்கிறவளுக்குப் பிறந்த வீடு திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டிய ரயில் பயணம். அவள் எங்கே ஓடுவாள்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. இழிசொல்லும், வீட்டுச் செலவுக்குக் காசு மறுப்பதும், அவள் நகையை விற்பதும் அதில் அடங்கும். வீடு யார் பெயரில் இருந்தாலும், அவள் வாழ்ந்த வீட்டிலிருந்து சட்டத்தின் வழியன்றி அவளை வெளியேற்ற இயலாது. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனுக்கொடுக்கலாம். வழக்கறிஞருக்குக் கட்டணம் ஏது என்று கலங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்ணுக்கு உதவி இலவசம். ஒரு விதியை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள்: "முதலில் புகார் அறிக்கை கொண்டு வா" என்று சொல்லி, இச்சட்டத்தின்கீழ் வரும் மருத்துவமனையோ தங்குமில்லமோ அவளைத் திருப்பியனுப்பக் கூடாது. இவ்வளவையும் நடத்திவைக்கப் பாதுகாப்பு அலுவலர் என்றொரு பதவியும் உண்டு. அந்த அலுவலர்களை மாவட்டந்தோறும் தாலுகாதோறும் குறித்து வையுங்கள் என்று 2025 மே மாதத்தில்கூட உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. சட்டம் இத்தனை ஆண்டு எந்த அழகில் நடந்தது என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இனிக் கதவுகளுக்கு வருவோம். உயிருக்கு ஆபத்தென்றால் 112. ஆலோசனைக்கும் வழிகாட்டலுக்கும் 181. சிகிச்சை, சட்டம், காவல், தங்குமிடம் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்கும் நோக்கத்தோடு நடுவணரசு 2015-இல் தொடங்கிய 'சகி' மையங்கள் உண்டு. அங்கே தங்கல் பொதுவாக ஐந்து நாள். அதற்குமேல் வேறு இல்லம் தேட வேண்டும். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்களா, பையனுக்கு வயது வரம்பு என்ன என்பதை முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது. பையனை விட்டுவிட்டு வா என்றால் எந்தத் தாய் வருவாள்?

மும்பைக்குத் தனிப்பெருமை இரண்டு உண்டு. 1984-இல் டாட்டா சமூக அறிவியல் கழகம் இந்நகரக் காவல்துறையோடு சேர்ந்து ஒரு சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. காவல்துறைக் கட்டடத்துக்குள்ளேயே பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் உட்கார்ந்து பெண்ணின் பேச்சைக் கேட்கும் ஏற்பாடு அது. 2000-ஆம் ஆண்டில் பாந்திரா பாபா மருத்துவமனையில் 'திலாசா' தொடங்கியது. ஆறுதல் என்று பொருள். மாநகராட்சி மருத்துவமனைக்குள் இப்படி ஒரு மையம் அமைந்தது இந்தியாவில் அதுவே முதன்முறை. என்னைக் கேட்டால் இதுதான் கதவுகளிலெல்லாம் நல்ல கதவு. காவல் நிலையப் படியேறினால் தெருவே பேசும். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றால் எந்த மாமியார் தடுப்பாள்?

கதவு இருந்தும் அவள் ஏன் வெளியே நிற்கிறாள்? தாராவியில் ஞாயிறுதோறும் நாங்கள் சிலர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். மாணவி ஒருத்தியின் தாயார் ஒருநாள் வகுப்பு முடியும்வரை காத்திருந்து, மடித்து மடித்துக் கசங்கிய தாள் ஒன்றை நீட்டினார்.

"டீச்சர், இதுல என்ன எழுதிருக்காவ? மூணு வாரமாச்சு. அவுகளக் கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு இருக்கேன். ஒருத்தரும் வரல."

தாள் மராத்தியில் இருந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி படித்துச் சொன்னாள். ஒரு காவல் நிலையத்தில் 'என்.சி.' என்று பதிந்து கொடுத்த சீட்டு அது. மாஜிஸ்திரேட் உத்தரவின்றிக் காவலர் விசாரிக்க முடியாத வகைக் குற்றமாக அவர் பட்ட அடியைக் குறித்து, வேண்டுமானால் நீதிமன்றத்தை நாடிக்கொள்ளலாம் என்று அறிவுறுத்தியிருந்தார்கள். யாரும் வரப்போவதில்லை என்பதைத்தான் அந்தத் தாள் சொல்லிற்று. அதை மூன்று வாரம் கவசம்போல் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்திருக்கிறார்!

மறுநாள் மருத்துவமனை மையத்துக்கு நானும் உடன் போனேன். அங்கிருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டார்; அவர் இந்தியில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன், இவர் தமிழில் சொன்னதை இந்தியில் சொன்னேன். நான் செய்தது அவ்வளவே. பின்பு என்ன முடிவு செய்தார், இப்போது எங்கே இருக்கிறார் என்பதை இங்கே எழுத மாட்டேன். இந்த இதழ் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது.

"ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்களே, பேசி முடித்துவைக்க மாட்டார்களா?" என்பார் உண்டு. முடித்துவைப்பார்கள். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லி, அடித்தவன் வீட்டுக்கே அவளைத் திருப்பியனுப்புவார்கள். பொய்ப் புகாரும் வருகிறதே என்பாருக்கு விடை எளிது: மெய் பொய் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. அவள் பேச்சை அவள் மொழியில் அங்கே கொண்டு சேர்க்க ஓர் ஆள் வேண்டும். அதைத்தான் நம் சங்கம் தர முடியும் என்கிறேன்.

தமிழும் இந்தியும் மராத்தியும் அறிந்த ஆறேழு பேர், பெண்களாகப் பார்த்து, முறைவைத்துக்கொண்டு துணைபோக ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் ஏதேனும் ஒரு மையத்தில் பயிற்சி பெறட்டும். பெயர்த்துச் சொல்வதோடு நிற்க வேண்டும். "அக்கா, பொறுத்துப் போங்க" என்றோ "உடனே வெளியேறுங்க" என்றோ நம் வாயால் வரக்கூடாது. அவள் உறவினரும் தெருக்காரரும் இந்த வேலைக்கு ஆகார். கேட்டதை விடுதி அறைத் தோழியிடமும் சொல்லக்கூடாது. (இந்த ஒன்றுதான் நம்மவர்க்குக் கடினம்!)

அடுத்தது, முகவரிப் பட்டியல். அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு மறந்துபோகும் பட்டியல் அன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் எண்ணுக்கும் நாமே பேசிப் பார்க்க வேண்டும்: எடுக்கிறார்களா, இரவில் ஆள் உண்டா, தமிழ் அறிந்தவர் இருக்கிறாரா, படுக்கை காலியா, பிள்ளையைச் சேர்ப்பார்களா? அடிபட்டவள் ஐந்து எண்ணுக்குப் பேசி ஐந்தும் எடுக்கப்படாமல் போனால் ஆறாவதுக்கு அவள் பேசமாட்டாள். அந்த ஐந்து வீண் அழைப்பையும் நாம் பேசித் தீர்ப்போம். பட்டியலை அவள் கையில் திணிக்கவும் வேண்டாம்; வீட்டில் அகப்பட்டால் அதற்கும் ஓர் அடி விழும். கைப்பேசியையும் அவன் பார்ப்பான். 181 என்ற மூன்று இலக்கம் நினைவில் நின்றால் போதும்.

செலவு என்று பார்த்தால் தொலைபேசிக்கும் பேருந்துக்கும்தான். பொங்கல் விழாப் பந்தல் கணக்கில் மிச்சமாகும் பணமே மிகும். வரும் செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். மராத்தி எழுதப் படிக்க அறிந்த இருவரும் வேண்டும். விருப்பமுள்ளோர் கூட்டத்துக்கு முன்பே என்னிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.