உளவுத் தலைவர் படிக்காத சுவரெழுத்து

ஜான் ஹென்றி காட்ஃப்ரே! முதல் உலகப் போரில் தார்தனெல்சுக் களம் கண்டவர். 'ரிப்பல்ஸ்' போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்கியவர். 1939 முதல் 1942 வரை பிரிட்டிஷ் கடற்படையின் உளவுத்துறையை நடத்தியவர். அவரிடம் உதவியாளராய் இருந்த இயன் ஃபிளெமிங், பின்னாளில் தம் ஜேம்ஸ் பாண்ட் கதைகளில் வரும் 'எம்' என்னும் தலைவரை இவரை வைத்தே படைத்தார் என்பர். திறமையற்றவரா இவர்? அல்ல! ஜெர்மன் துறைமுகத்தில் தும்மினால் லண்டனில் கேட்கும் செவி படைத்தவர்!

அத்தகையவர் 1943இல் ராயல் இந்தியக் கடற்படையின் தலைவராக வந்தார். போர் முடிந்தது, பாசிசம் வீழ்ந்தது. சுதந்திரத்திற்காகப் போரிடுகிறோம் என்று கூறித் திரட்டப்பட்ட இந்திய மாலுமிக்குக் கிடைத்ததென்ன? உண்ணத் தகாத உணவு, வெள்ளை மாலுமியினும் குறைந்த ஊதியம், அதிகாரியின் இழிசொல்!

1945 டிசம்பர் முதல் நாள், கடற்படை விழா. பம்பாய் 'தல்வார்' நிலையத்துச் சுவர்களில் 'வெள்ளையனே வெளியேறு' என்ற முழக்கம் எழுதப்பட்டிருந்தது. எதிரியின் இரகசியங்களைத் துருவியறிந்த துறையின் முன்னாள் தலைவர், தம் வீட்டுச் சுவரெழுத்தைப் படித்தாரா? படித்திருந்தால் 1946 பிப்ரவரி 18 விளைந்திருக்குமா?

அன்று 'தல்வார்' மாலுமிகள் உணவை மறுத்தனர். தீ கராச்சிக்கும் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பரவிற்று; எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்கள், ஏறத்தாழ 20,000 மாலுமிகள்! காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்டுக் கொடிகள் ஒருசேரப் பறந்தன. காட்ஃப்ரேயின் மறுமொழி? பிப்ரவரி 21இல் வானொலியில் முழங்கினார்: கடற்படையே அழிந்தாலும் சரி, படைவலிமை முழுவதையும் ஏவுவோம் என்று! மாலுமிகளுக்காகக் கொதித்தெழுந்த பம்பாய்த் தெருக்களில் இருநூறுக்கு மேற்பட்டோர் பிணமாயினர்.

பட்டேலும் ஜின்னாவும் அறிவுறுத்த, 23ஆம் நாள் மாலுமிகள் பணிந்தனர். நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். விடுதலை பெற்ற இந்தியாவின் கடற்படையும் பாகிஸ்தானின் கடற்படையும் அவர்களைத் திரும்ப அழைக்கவில்லை. தலைவர்களே, தியாகத்திற்குத் தந்த பரிசு இதுதானா?

காட்ஃப்ரேயோ தாயகம் திரும்பினார். மருத்துவமனை நிருவாகப் பணியில் ஈடுபட்டார். நோயாளிக்கு இரங்கத் தெரிந்த நெஞ்சுதான்! ஆயினும் மாலுமிக்கு இரங்கவில்லை. ஏன்? ஏகாதிபத்தியம் தன் ஊழியனுக்குத் தொலைநோக்கியைத் தரும். காலடியைக் காணும் கண்ணைத் தராது.

தோழர்களே! மேலே நோக்கியே பழகிய தலைமை, கீழே எழும் முணுமுணுப்பைக் கேளாது. கேளாத தலைமை ஒருநாள் பீரங்கியைத் தேடும். பீரங்கியைத் தேடும் நாளே அதன் இறுதி நாள்! 1946 பிப்ரவரியில் மிரட்டிய பேரரசு, 1947 ஆகஸ்டில் கொடி இறக்கிற்று. மறவாதீர்!