வலி அவளுடையது, முடிவு யாருடையது?

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். ஆனால் ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகளுக்கு அவ்வளவு லீவு கிடைக்காது. எனவே அம்மாதான் சென்னையில் ரயிலேறி செகந்திராபாத்தில் வந்து இறங்குகிறார். பையில் பிரசவ லேகியம், பழைய வேட்டித் துணி, பூண்டு. மனசில் ஒரு தீர்மானம்: "நாங்களெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பெறவில்லையா?" மாமியாரிடம் புரோகிதர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் இருக்கிறது. கணவனிடம் இன்ஷூரன்ஸ் கணக்கு. டாக்டரிடம் அன்றைய ஆபரேஷன் பட்டியல். வலியைத் தாங்கப்போகிறவளிடம் மட்டும் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தெலுங்கில் பிரசவ வலிக்கு 'நொப்புலு' என்று பெயர். நொப்புலு வந்துவிட்டதா என்று விசாரிப்பவர்கள் ஏராளம். வலிக்கு என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய் என்று கேட்பவர்கள் அபூர்வம்.

இந்தக் கேள்வியை ஹைதராபாத்தில் எழுப்புவதில் ஒரு பொருத்தம் உண்டு. மயக்க மருந்து பற்றி உலகமே சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பஞ்சாயத்து நடந்த ஊர் இது.

பிரசவத்தில் வலி தணிப்பைத் தொடங்கி வைத்தவர் எடின்பரோ டாக்டர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன். 1847 ஜனவரியில் ஈதரையும், அதே ஆண்டு நவம்பரில் குளோரோஃபார்மையும் பிரசவ வலிக்குப் பயன்படுத்தினார். எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. பிரசவ வேதனை ஏவாளுக்குக் கடவுள் விதித்த தண்டனை, அதில் கை வைக்கலாமா என்றார்கள் சில மதவாதிகள். ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுளே அவனை ஆழ்ந்து தூங்க வைத்தாரே என்று மடக்கினார் சிம்ப்சன். சில டாக்டர்களோ வலி இயற்கையானது, அது இல்லாவிட்டால் பிரசவம் தடைபடும் என்றார்கள். 1853 ஏப்ரல் 7-ல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது குழந்தையைப் பெற்றபோது டாக்டர் ஜான் ஸ்னோவின் கையால் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். வாதம் அடங்கத் தொடங்கியது. ராணிக்கு ஆகும் என்றால் மற்றவர்களுக்கு ஆகாதா?

ஆனால் பயம் போகவில்லை. 1848 ஜனவரியிலேயே இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்டபோது இறந்துபோனாள். அந்த மருந்து ஆளைக் கொல்வது மூச்சை நிறுத்தியா, இதயத்தை நிறுத்தியா? மருத்துவ உலகம் இரண்டாகப் பிரிந்தது.

அந்த வழக்குதான் நிஜாமின் ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தது. இங்கே ரெசிடென்ஸி சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி எடின்பரோவில் படித்தவர். நோயாளியின் மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஆபத்தில்லை என்பது அவர் கட்சி. ஆறாவது நிஜாம் மஹபூப் அலிகான் பணம் கொடுக்க, 1888-லும் 1889-லும் இரண்டு குளோரோஃபார்ம் கமிஷன்கள் கூடின. இரண்டாவது கமிஷனுக்கு லண்டனிலிருந்து டாக்டர் லாடர் பிரன்டன் வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளிடம் சோதனை நடந்தது. லாரி சொன்னதே சரி என்று தீர்ப்பானது.

தீர்ப்பு பாதிதான் சரி. குளோரோஃபார்ம் இதயத் துடிப்பையே குலைத்து ஆளை வீழ்த்தக்கூடும் என்பதை 1911-ல் லண்டனில் குட்மன் லெவி நிரூபித்தார். ஆனாலும் ஹைதராபாத் சோதனைகளிலிருந்து ஒரு பாடம் மிஞ்சியது. மருந்து கொடுப்பவரின் கண் வேறெங்கும் போகக்கூடாது. அந்த வேலையையே தன் தொழிலாக ஏற்றுக்கொண்டவர் டாக்டர் ரூபாபாய் ஃபர்தூன்ஜி. பார்சிப் பெண். ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் படித்த முதல் பெண்களில் ஒருவர், லாரியின் மாணவி. உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று குறிப்பிடப்படுபவர். நோயாளியின் தலைமாட்டில் நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருக்க ஒரு பெண் டாக்டர் இருந்த ஊர் இது, நூற்று முப்பது வருஷங்களுக்கு முன்பே.

இன்றைய நிலவரம்? 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தெலங்கானாவில் நடக்கும் பிரசவங்களில் 60.7 சதவிகிதம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 81.5 சதவிகிதம். தேசிய சராசரி 21.5. தமிழ்நாடு ஒன்றும் சளைத்ததல்ல: 44.9. ஒரு நாட்டில் சிசேரியன் விகிதம் 10 சதவிகிதத்தைத் தாண்டிய பிறகு அதனால் தாய், சேய் மரணம் மேலும் குறைவதில்லை என்று 2015-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

இத்தனை கத்திக்கும் காரணம் பல. பஞ்சாங்கம் ஒன்று. ஆஸ்பத்திரியின் வசதி ஒன்று. அதிகம் பேசப்படாத காரணம், வலி பற்றிய பயம். "என்னால் தாங்க முடியாது, ஆபரேஷனே பண்ணிவிடுங்கள்" என்று கேட்கும் பெண்ணிடம் சிசேரியனுக்கும் பல்லைக் கடிப்பதற்கும் நடுவில் வேறு வழிகளும் உண்டு என்று எவ்வளவு பேர் சொல்கிறார்கள்?

நடுவில் இருப்பவற்றில் வலுவானது எபிடூரல். கீழ் முதுகில், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே, ஊசி வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, நீர்க்கச் செய்த மரப்பு மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். கால் மணி, இருபது நிமிஷத்தில் வலி குறையும். தாய் விழித்திருப்பாள், பேசுவாள், குழந்தை அழுதவுடன் கேட்பாள். இடுப்பில் அழுத்தம் தெரியும், உயிர் போகும் வலி இருக்காது.

முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்புவலி என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் எச்சரிக்கை. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. எபிடூரல் வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் நாள்பட்ட முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிசேரியனுக்கும் பெரும்பாலும் முதுகில்தான் ஊசி. அதற்கு எந்த மாமியாரும் ஆட்சேபிப்பதில்லை. எபிடூரல் போட்டால் கடைசியில் சிசேரியனில்தான் முடியும் என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை.

அதற்காக அது மாயமந்திரமும் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கலாம். அரிப்பு, காய்ச்சல் வரலாம். குழந்தையை முக்கித் தள்ளும் கட்டம் நீளலாம். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்க நேருவதும் உண்டு, இன்றைய நீர்த்த மருந்தில் அந்த வாய்ப்பு குறைவு என்றாலும். ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குக் கடும் தலைவலி வரும், அதற்குச் சிகிச்சை உண்டு. ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் புண், சீழ் உள்ளவர்களுக்கும் எபிடூரல் கூடாது. இதையெல்லாம் வலி வந்து துடிக்கும்போது காதில் போட்டுக் கையெழுத்து வாங்குவதில் அர்த்தமில்லை. ஏழாம் மாதம், எட்டாம் மாதம் நிதானமாகப் பேசவேண்டிய விஷயம் இது.

ஊசியே வேண்டாம் என்பவளுக்கும் வழி உண்டு. நடமாட்டம், உட்காரும் விதத்தை மாற்றுவது, வெந்நீர், இடுப்பைத் தேய்த்துவிடும் கை, எல்லாவற்றுக்கும் மேலாக விட்டுப் போகாத ஒரு துணை. கூடவே ஒருவர் இருந்து தைரியம் சொல்லும் பிரசவங்களில் வலி மருந்தின் தேவையும் சிசேரியனும் குறைகின்றன என்பது நிறைய ஆய்வுகளில் தெரிந்த உண்மை. 1948-ல் தொடங்கிய ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் ஆஸ்பத்திரி 2011-லிருந்து இதற்கென்றே மிட்வைஃப்களைப் பயிற்றுவிக்கிறது. 2017-ல் தெலங்கானா அரசும் யுனிசெஃபும் அதனுடன் கைகோர்த்து அரசு நர்ஸ்களுக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுக்கத் தொடங்கின. மறு ஆண்டே மத்திய அரசும் மிட்வைஃப் சேவைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

ஆக, ஊசி கேட்பவள் கோழையும் இல்லை, வேண்டாம் என்பவள் பட்டிக்காடும் இல்லை. இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றேதான்: பக்கத்தில் ஓர் ஆள். எபிடூரல் என்றால் மயக்க மருந்து டாக்டர் கூப்பிடும் தூரத்தில் மணிக்கணக்கில் இருக்கவேண்டும், ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் துடிப்பையும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஊசி இல்லை என்றால் மிட்வைஃப் இருக்கவேண்டும். சிசேரியன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். சிக்கல் இங்கேதான். ஆபரேஷனுக்கு ரேட் உண்டு. பத்து மணி நேரம் காத்திருப்பதற்கு யாரும் ரேட் போடவில்லை. கூட்டம் பிதுங்கும் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் அந்தப் பத்து மணி நேரத்துக்கு ஆளே இல்லை.

ஆரோக்கியமான கர்ப்பிணி வலி தணிப்பு கேட்டால் அவள் விருப்பப்படி எபிடூரல் கொடுக்கலாம் என்றும், அவள் தேர்ந்தெடுக்கும் துணையை அருகில் இருக்க விடவேண்டும் என்றும் 2018-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டிலும் அழுத்தம் 'அவள்' என்ற சொல்லில் இருக்கிறது.

சென்னையிலிருந்து வந்த அம்மா தன் காலத்தில் பல்லைக் கடித்தது உண்மை. ஆனால் அன்று அவரிடமும் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. லேகியத்தைக் கிளறும் முன் மகளை ஒருமுறை பக்கத்தில் உட்காரவைத்து, "உனக்கு எப்படி வேணும்?" என்று கேட்டுவிடலாம். பதில் என்னவாக இருந்தாலும் சரி. பிறகு டாக்டரிடம் அதைச் சொல்ல மகளோடு கூடப் போகவேண்டியவரும் அவர்தான்.