மத்தியஸ்தர் நிற்குமிடம்

கூடைப்பந்தாட்டத்தில் மத்தியஸ்தரின் தீர்ப்பைக் குறைகூறுவோர் பலர். அவர் நின்ற இடத்தை ஆராய்வோர் மிகச் சிலர். காணாதவர் நீதி வழங்க இயலாது. ஆதலின், நிற்குமிடமே முதல் வினா என்பது எம் துணிபு.

எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியும் வேளையை நோக்குவோம். பந்துடன் வெளியே நிற்பவர் ஒருவர். களத்தினுள் நிற்போர் ஒன்பதின்மர். எறிவதற்குரிய அவகாசம் 5 செக்கன். இழுத்தலும் தள்ளலும் முறையற்று மறித்தலும் அந்த ஒன்பதின்மரிடையே நிகழ்கின்றன. யாம் மட்டக்களப்பில் கண்ட ஆட்டங்கள் பலவற்றிலோ, பந்தைக் கையளித்த மத்தியஸ்தர் எறிபவரை ஒட்டி நின்று அவரையே நோக்குகிறார். மற்றைய மத்தியஸ்தரின் கண்ணும் பந்திலேயே பதிகிறது. மத்தியஸ்தர் இருவர், பார்வையோ ஒன்று!

அருகில் நின்றாலன்றிக் கோட்டு மீறலைக் காணமுடியாது என்பர் சிலர். இவ்வாதம் பொருந்தாது. மிக நெருங்கி நிற்பவருக்கு எறிபவரின் பாதமும், காப்பாளரின் கையும், கோடும் ஒரே பார்வையில் அகப்படா. இரண்டொரு அடி விலகி, உடலைச் சற்றே களம் நோக்கித் திருப்பி நிற்பின் மூன்றும் அகப்படும். அண்மையில் நெருக்குவோரும் தெரிவர். மற்றைய மத்தியஸ்தர் எதிர்ப்புறத்தில் நின்று, பந்தை மறந்து, எஞ்சிய வீரரைக் காத்தல் வேண்டும். பத்து வீரரும் இருவர் பார்வைக்கும் இடையில் அடங்குதலே முறை.

திறந்தவெளிக் களங்களிற் பார்வையாளர் கோடுவரை நெருங்குவதுண்டு. கோட்டுக்கு வெளியே 2 மீற்றர் இடமில்லையாயின் காப்பாளர் எறிபவரிடமிருந்து 1 மீற்றர் விலகி நிற்கவேண்டும் என்பது விதி. பந்தைக் கையளிக்குமுன் இதனை உறுதிசெய்பவர் எத்தனை பேர்?

இவை சிறு விடயங்கள் அல்ல. 2022 இல் வந்த விதிப்படி, நான்காம் கால்பகுதியின் இறுதி 2 நிமிடங்களில், எறியப்படுமுன் காப்பணி தவறிழைத்தால் எதிரணிக்கு ஒரு தண்ட எறிதலும் மீண்டும் பந்தும் உரியன. அத்தவறு காணப்படாவிடின் வெற்றியே கைமாறும். மாதக்கணக்கில் உழைத்த மாணவரின் வியர்வை வீணாகும்.

புனித மிக்கேல் கல்லூரியில் இவ்விளையாட்டை வளர்த்தவர் அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹெபயர். 1990 ஓகஸ்ட் 15 இல் அவர் காணாமற்போனார். அவர் வழிவந்த மண் வீரரை மட்டும் உருவாக்கினாற் போதுமா? ஆடக் கற்கும் நம் மாணவர் மத்தியஸ்தம் வகிக்கவும் கற்கட்டும். ஊதுகுழலை வாயில் வைக்குமுன், எங்கே நிற்பதென்று அறியட்டும்.